லோங்காங் ஓரத்துச் செண்டுடுக்

அண்ணன் இறந்த பிறகு அண்ணி பாலோ தோட்டத்து வீட்டைக் காலிசெய்துவிட்டு, யோங் பெங்கில் என்னோடு வந்து தங்கினார். செம்பனை மரங்களுக்கிடையே பல வருடங்கள் களைக்கு மருந்தடித்தவர். அவருடைய விரல் நகங்கள் மஞ்சளாகித் தடித்திருக்கும். நான் பத்து பாகாட் ஊரில் துணி தைக்கும் ஆலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்கத் தனியாக இருப்பார். டிவி பார்க்கப் பிடிக்காது.

ஒரு மாலை நான் வீடு திரும்பியபோது, எதிரே சாலைக்கும் லோங்காங் கால்வாய்க்கும் நடுவிலுள்ள புல்தரையைக் கொத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பால்மாவு டின். அதில் விதைக்காகச் செண்டுடுக் பழங்களைப் பிசைந்து வைத்திருந்தார். விரலெல்லாம் கருநீலம்.

"எதுக்கு அண்ணி இது? காட்டுச் செடிலா."

"தெரியும்மா. நான் மருந்தடிச்சுக் கொன்னதுல இதுதான் நெறைய. ஊதாப் பூ, அழகாத்தான் இருக்கும். நின்னு பாக்கத்தான் நேரம் கெடச்சதில்ல."

விதை முளைத்தது. முழங்கால் உயரம் வளர்ந்தபோது நகராண்மைக் கழகத்தின் புல்வெட்டு ஆட்கள் வந்தார்கள். அன்று எனக்கு விடுமுறை. மெஷின் சத்தம் கேட்டு நாங்கள் வெளியே ஓடுவதற்குள் எல்லாம் தரையோடு தரையாகிவிட்டது. அண்ணி சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குக் கோபம் பொங்கியது. மெஷினை நிறுத்தச் சொன்னேன். முகமூடியைக் கழற்றிய ஆள் ஒரு தமிழர், என் வயதிருக்கும். சட்டை பிழிந்தெடுக்கலாம் போல நனைந்திருந்தது.

"நட்டு வெச்சதுன்னு தெரியாதுக்கா. புல்லோட புல்லா இருந்துச்சு. வெட்டாம விட்டா சூப்பர்வைசர் திரும்ப அனுப்புவாரு."

நான் பதில் சொல்வதற்குள் அண்ணி எழுந்தார். "அவர ஏசாதம்மா. தோட்டத்துல எங்களுக்கும் இப்படித்தான், குடுத்த வரிசைய முடிச்சாத்தான் வீட்டுக்குப் போலாம்." உள்ளே போய் ஒரு ஜக் ஐஸ் தண்ணீர் கொண்டுவந்தார்.

குடித்துவிட்டு அந்த ஆளே வழி சொன்னார். "இந்த வளைவுல விட மாட்டாங்கக்கா, எதுர வர காடி தெரியாது. கீழ லோங்காங் சரிவுல போடுங்க. அங்க எங்களுக்கும் கால் வழுக்கும், வெட்ட எறங்க மாட்டோம். கம்பு நட்டுக் கயிறு கட்டிருங்க. ஆனா மொதல்ல மஜ்லிஸ்ல ஒரு வார்த்த கேட்டுக்குங்க."

அரைநாள் விடுப்புப் போட்டு மஜ்லிஸுக்கு, அந்த நகராண்மைக் கழக அலுவலகத்துக்கு, கேட்கப் போனேன். அங்கிருந்த மலாய்க்கார அதிகாரி கைப்பேசியில் படத்தைப் பார்த்துச் சிரித்தார். செண்டுடுக் தானே, கிராமத்தில் அவர் வீட்டுக்குப் பின்னாலும் இருக்கிறதாம். சரிவில் போடலாம், கொசுத் தொல்லை என்று புகார் வந்தால் வெட்டிவிடுவோம் என்றார்.

மறுபடி விதைத்தோம். பாதியை மழை அடித்துக்கொண்டு போனது. நின்ற பாதி அடுத்த வருடம் பூத்தது. நான் ஆலையில் இருக்கும்போது அண்ணி போனில் கூப்பிட்டுச் சொன்னார். தையல் மெஷின் இரைச்சலில் "பூ" என்பது மட்டும் கேட்டது. வீடு வந்து சேரும்போது இருட்டிவிட்டது, இதழ்கள் சுருங்கிவிட்டன. அது ஒருநாள் பூ.

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் பார்த்தேன். சரிவு நெடுக ஊதா. பெரிய கருவண்டுகள் பூவுக்குப் பூ தொங்கிக்கொண்டிருந்தன. அண்ணி நைட்டியோடு கயிற்றருகே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் போய் நின்றேன்.

"லோங்காங்குக்கு அந்தப் பக்கமும் போடலாமா?" என்றார்.

"மஜ்லிஸ்ல கேக்கணும் அண்ணி."

"நீ கேளு. நான் மண்ணக் கொத்தி வெக்கிறேன்."