ஐயாவின் செபம் முடியுமுன்

வௌவால்கள் வெளிக்கிட்டதும் முகட்டு ஓட்டையை அடைக்கலாமென்று பொழுதுபட வந்த மேசன் தம்பி, பலகையொன்றைக் கழற்றினார். எச்சத்தின் காரமணம் மூக்கில் ஏறியது. புத்தூர் வீட்டில் நான் வளர்ந்ததே இந்த மணத்துக்குள்தான்.

அம்மா பினாயில் தெளித்தும் அது போகாது. "உதுகளைக் கலையுங்கோ, இல்லாட்டி நான் எங்கடை அம்மா வீட்டை போறன்" என்று ஐயாவை அரித்தெடுத்தா. ஒருநாள் பொழுதுபட, வௌவால்கள் இரை தேடிப் போனதும், ஐயா ஓட்டையில் தகரம் அடித்துவிட்டு மாலைச் செபத்துக்கு முழங்காலிட்டார்.

ஐயாவின் செபம் நீளம். உறவு, ஊர், மழை எல்லாம் கடந்து வெங்காயத் தோட்டத்துக்கு வந்தபோது முகட்டுக்குள் கீச்சுக்கீச்சென்று சத்தம். பறக்கத் தெரியாத குட்டிகள். வெளியே தாய்கள் தகரத்தில் வந்து மோதின.

செபத்தில் ஒருநாளும் குறுக்கே வாய் திறக்காத அம்மா, "ஆமென்" என்று பலத்துச் சொல்லி எழும்பினா.

"ஏணியை எடுங்கோ."

அதற்குப் பிறகு அம்மா அந்த மணத்தைப் பற்றிக் கதைக்கவேயில்லை.

"அக்கா, சீமெந்து குழைச்சாச்சு. பூசட்டோ?" மேசன் தம்பி ஏணியில் நின்று கேட்டார்.

மேலே மெல்லிய கீச்சொலி.

"ஆமென்" என்று வாயில் வந்துவிட்டது. "இறங்கும் தம்பி. குட்டிகள் பறந்தாப்பிறகு வாரும்."