பிரவீனா மிஸ்ஸும் பி.டி. சாரும்

ஜாதகம் சுமாராகத்தான் பொருந்தியது. பிரவீனாவும் உடற்கல்வி படித்தவள், சென்னப்பனும் உடற்கல்வி படித்தவர் என்பதால் இரு வீட்டாரும் மீதியைக் கண்டுகொள்ளவில்லை. ஒருவர் மொழியை மற்றவர் புரிந்துகொள்வார் என்று ஊத்தங்கரைப் பெரியப்பா சொன்னார். அவர் அதுவரை விளையாட்டு மைதானம் பக்கம் போனதில்லை.

சென்னப்பனுக்கு ஓசூரில் ஓர் உதவிபெறும் பள்ளியில் பி.டி. மாஸ்டர் வேலை கிடைத்தது. பிரவீனாவுக்கு எந்த வேலையும் கிடைக்கவில்லை. அரசு ஆசிரியர் தேர்வு வரும் என்றார்கள். வந்தபோது அவள் பிரசவத்துக்குப் போயிருந்தாள். மறுபடி வரும் என்றார்கள். அவள் ஒரு மோட்டார் உதிரிபாகக் கம்பெனியின் தரப் பரிசோதனைப் பிரிவில் உட்கார்ந்து, வளையங்களில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சேலத்தில் கல்லூரி பேஸ்பால் அணியின் கேட்சராக இருந்தவள் அவள். பந்து எறிபவளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து நாலு வருஷம் பந்து பிடித்தவளுக்கு ஒரே இடத்தில் உட்காருவது புதிதல்ல.

ஒருநாள் சென்னப்பன் பள்ளியில் தலைமையாசிரியர் அவரைக் கூப்பிட்டு ஒரு பெட்டியைக் காட்டினார். உள்ளே பேஸ்பால் மட்டைகளும் கையுறைகளும் இருந்தன.

"பொம்பளப் புள்ளைங்களுக்கு ஒரு டீம் போடுங்க சார். நம்ம பக்கம் மூணு ஸ்கூல்தான் ஆடுதாம். ரெண்ட ஜெயிச்சா மாவட்டம்."

சென்னப்பன் வாலிபால்காரர். வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டார். பிரவீனா தட்டில், ஓடித் தொடவேண்டிய நாலு பேஸுக்கு நாலு இட்லி வைத்து, நடுவில் சட்னியைப் பிட்ச்சராக, அதாவது பந்து எறிபவளாக நிறுத்தி விளக்கினாள். அவள் இரண்டாவது பேஸுக்கு வருவதற்குள் அவர் முதல் பேஸைத் தின்றுவிட்டிருந்தார். ஆனாலும் கற்றுக்கொண்டார். ஒரு வருஷம் அந்தப் பள்ளியின் பேஸ்பால் முழுவதும் பிரவீனாவின் சமையலறையிலிருந்துதான் போனது.

பிறகு பாகலூர் ரோட்டு அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் சில பெற்றோர், தங்கள் பிள்ளைகள் கிரிக்கெட் தவிர வேறு ஏதாவது ஆடினால் தேவலை என்று நினைத்தார்கள். பிரவீனா கம்பெனியிலிருந்து நின்றுவிட்டு, செயற்கைப் புல் போட்ட டர்ஃப் மைதானம் ஒன்றை மாலையில் வாடகைக்கு எடுத்து வகுப்பு ஆரம்பித்தாள். ஒரு நேரத்துக்கு ஒரு பிள்ளை. கை எப்படிச் சுழல்கிறது என்று மொபைலில் எடுத்து, வேகத்தைக் குறைத்து, அம்மாக்களுக்குக் காட்டினாள். அம்மாக்களுக்கு அது ஸ்கேன் பார்ப்பதுபோல நம்பிக்கை தந்தது.

பள்ளியில் கணக்கு டீச்சர் சென்னப்பனிடம் கேட்டார்: "உங்க வீட்டுக்காரம்மாகிட்ட ட்யூஷன் போனாத்தான் டீம்ல சேப்பீங்களாமே சார்?"

அன்று மாலை சென்னப்பன் சொன்னார்: "இனிமே வீட்ல பால் பத்திப் பேச வேணாம், பிரவீனா."

"சரிங்க," என்றாள் அவள்.

பந்தைத்தான் சொன்னார். மற்ற பாலைப் பற்றி வழக்கம்போலப் பேசினார்கள்.

அவருடைய பள்ளிப் பிள்ளை ஒன்றும் தன்னிடம் வரக்கூடாது என்று பிரவீனாவும் உறுதியாக இருந்தாள், சரஸ்வதி வரும்வரை. சரஸ்வதி ஜூஜுவாடியில் இருப்பவள், கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் பிறந்தவள். கோபம் வந்தாலும் அழுகை வந்தாலும் கன்னடத்துக்குப் போய்விடுவாள். அவள் மகள் அனுப்ரியா ஒன்பதாம் வகுப்பு, சென்னப்பன் அணியின் பிட்ச்சர்.

"சார் நல்ல சார்தான் மேடம். ஆனா முப்பது புள்ளைங்க. எம்பொண்ண தனியா எப்போ பாப்பாரு?"

பிரவீனா கணவரிடம் கேட்டாள். "வரட்டும். எனக்கென்ன," என்றார் அவர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அனுப்ரியா காலையில் சாருக்கு எறிந்தாள், மாலையில் மிஸ்ஸுக்கு எறிந்தாள். சார் கையை வேகமாக வீசச் சொன்னார், மிஸ் காலை முதலில் ஊன்றச் சொன்னாள். அவள் யாரையும் எதிர்த்துப் பேசும் பெண் அல்ல. காலையில் ஒரு மாதிரியும் மாலையில் ஒரு மாதிரியும் எறிந்தாள். கொஞ்ச நாளில் பந்து மெதுவாக வந்தது. பிரவீனா, பள்ளியில் கவனம் சிதறுகிறது என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் எறியச் சொன்னாள். சென்னப்பன், தனி வகுப்பில் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் எறியச் சொன்னார். இரவு குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு இருவரும் ஒரே ரசத்தைச் சாப்பிட்டார்கள்.

ஒரு காலை அனுப்ரியாவால் சீப்பைப் பிடித்துத் தலை சீவ முடியவில்லை.

எலும்பு டாக்டர் அறைக்குச் சரஸ்வதி இரண்டு பேரையும் வரச் சொல்லிவிட்டாள். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"முழங்கையில வளர்ற எலும்பு. இழுத்து இழுத்துப் புண்ணாயிருக்கு. இந்தப் புள்ளைக்கு யார் கோச்?"

"நான்தான்," என்றார் சென்னப்பன்.

"நான்தாங்க," என்றாள் பிரவீனா.

டாக்டர் இருவரையும் பார்த்தார். "வாரத்துக்கு எவ்ளோ எறியறா?"

சென்னப்பன் ஒரு எண்ணைச் சொன்னார். பிரவீனா ஒரு எண்ணைச் சொன்னாள். இரண்டும் நியாயமான எண்கள்.

"ஒருத்தர் எறிய வெக்கறது இன்னொருத்தருக்குத் தெரியாதா? நீங்க ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டீங்களா?"

"இவர் என் வீட்டுக்காரர் டாக்டர்," என்றாள் பிரவீனா.

டாக்டர் மூன்று மாதம் பந்தைத் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். சரஸ்வதி "யாக்கே மேடம், யாக்கே?" என்று, ஏன் ஏன் எனக் கேட்டபடியே மாடிப்படி இறங்கினாள். கம்பெனியில் அத்தனை வருஷம் கீறல் பார்த்த பிரவீனாவுக்கு, தினம் கண்ணெதிரே நின்ற பெண்ணின் முழங்கை தெரியவில்லை. வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வெளியே வந்தபோது சென்னப்பன் அரிசி களைந்துகொண்டிருந்தார். அவர் அதுவரை அரிசி களைந்ததில்லை. பாதி அரிசி தொட்டியில் கிடந்தது.

மறுநாள் அவள் முதல்முறையாக அவர் மைதானத்துக்குப் போனாள். முப்பது பெண்கள், எட்டுக் கையுறை. ஒருத்தி பிடித்ததும் கழற்றி அடுத்தவளுக்குக் கொடுத்தாள். பந்து மேலே போனால் "எனக்கு!" என்று ஒருத்தி கத்தினாள், மற்றவர்கள் விலகினார்கள். பிரவீனாவின் பிள்ளைகள் யாருக்கும் இது தெரியாது. அவர்களுக்கு வரும் பந்தெல்லாம் அவர்களுடையதுதான். ஆனால் இங்கே ஒருத்திக்கும் மட்டையை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியவில்லை. அதையும் பார்த்தாள்.

சென்னப்பன் ஒரு சனிக்கிழமை டர்ஃபுக்கு வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரப் பிடிக்காமல் பந்து பொறுக்கினார்.

"நீங்க ஹெல்ப்பரா?" என்று கேட்டார் ஓர் அம்மா.

"ஆமாங்க," என்றார்.

விஷயம் பரவி, இரண்டு குடும்பங்கள் பிரவீனாவிடமிருந்து நின்றுபோயின. பள்ளியில் கணக்கு டீச்சர் ஒன்றும் கேட்கவில்லை. அது சென்னப்பனுக்குக் கேட்டதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மாவட்டப் போட்டி கிருஷ்ணகிரியில் நடந்தது. அனுப்ரியாவுக்கு டாக்டர் சொன்ன நாள் இன்னும் முடியவில்லை. சீருடை போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பதில் ராயக்கோட்டைப் பக்கத்துப் பெண் பிரியதர்ஷினி எறிந்தாள். முதல் ஆட்டம் எப்படியோ ஜெயித்தார்கள். இரண்டாவதில் கடைசிச் சுற்றுவரை சமமாக வந்தார்கள். இன்னும் ஒருத்தியை வெளியேற்றினால் சுற்று முடிந்து ஆட்டம் கூடுதல் சுற்றுக்குப் போகும். ஆனால் மூன்று பேஸிலும் எதிரணி நின்றது. பிரியதர்ஷினி அழ ஆரம்பித்துவிட்டாள்.

அனுப்ரியா எழுந்து வந்தாள். "சார், ஒருத்திக்கு மட்டும் போடறேன் சார். இப்ப வலியே இல்ல."

சரஸ்வதி கம்பிவேலிக்கு வெளியிலிருந்து கத்தினாள்: "போடட்டும் சார்! ஒருத்திதானே!"

சென்னப்பன் திரும்பிப் பிரவீனாவைப் பார்த்தார். அவள் பெண்ணின் கையைப் பார்த்தாள். ஒருத்திக்கு நாலைந்து பந்து. ஒன்றும் ஆகாது என்று தோன்றியது. ஆகும் என்றும் தெரிந்தது.

"இல்லம்மா. போய் உக்காரு," என்றார் சென்னப்பன்.

பிரியதர்ஷினியே எறிந்தாள். பந்து கேட்சருக்கு எட்டாமல் மண்ணில் விழுந்து உருண்டோடியது. மூன்றாவது பேஸில் நின்றவள் ஓடிவந்து கடைசி பேஸைத் தொட்டு ஒரு ரன் எடுத்துவிட்டாள். தோற்றார்கள். சரஸ்வதி வெகுநேரம் கன்னடத்தில் பேசினாள். தலைமையாசிரியர் போனில், பங்கேற்றதே பெருமை என்றார். அவர் குரலில் பெருமை இல்லை.

ஓசூர் பஸ்ஸில் பெண்கள் பின்சீட்டுகளில் தூங்கிவிட்டார்கள். குருபரப்பள்ளி தாண்டியதும் பிரவீனா சொன்னாள்: "ஏங்க, நான் போடட்டும்னு சொல்ல வாயெடுத்தேன்."

"தெரியும். நீ சொல்லுவன்னுதான் உன்னப் பாத்தேன்."

"அப்புறம் ஏன் வேணாம்னீங்க?"

சென்னப்பன் ஜன்னல் பக்கம் பார்த்தார். "நீ வாயத் தொறக்க லேட்டாச்சு. அதுக்குள்ள எனக்குப் பயம் வந்துடுச்சு."

பிரவீனா பின்சீட்டில் தூங்கும் பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, பிரியதர்ஷினியை அவ்வளவு நேரம் எறிய விட்டதே தப்பு, நடுவில் வேறொருத்தியை மாற்றியிருக்க வேண்டும் என்றாள். மாற்ற ஆள் எங்கே என்றார் அவர். ஆள் தயார் பண்ணாதது யார் குற்றம் என்றாள். ஆளுக்கொரு பிள்ளையாகப் பார்ப்பவர்களுக்கு அது புரியாது என்றார். சூளகிரியில் ஏறியவர்கள், இவர்கள் போட்ட சத்தத்தைக் கேட்டு, உட்கார இடமிருந்தும் அவர்களுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை.