மேற்கு மூலையில் நின்ற மீன்

கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கும் ஒரு மீனுக்கு வெளியே நடப்பது எவ்வளவு தெரியும்? எனக்குப் பதில் தெரியாது.

நேற்று முழுக்க எங்கள் கரையோர வீட்டு அரவானா மீன் கிழக்கே இருக்கும் கடலுக்கு முதுகைக் காட்டி, தொட்டியின் மேற்கு மூலையிலேயே நின்றது. என் கை நீளம் இருக்கும். இரைக்கு விட்ட குஞ்சு மீன்களும் அதன் வாயருகே ஒதுங்கி நின்றன. அது தொடவில்லை.

தொட்டியில் லேசான கசிவும் இருந்ததால், அதை அடைக்கச் சிலிக்கோன் பசை வாங்க கல்முனை ஹாட்வெயார் கடைக்குப் போனேன்.

“பாத்ரூமுக்குப் போடுறது வேணாம் ராத்தா. பூஞ்சண மருந்து கலந்திருக்கு, மீன் செத்துரும்” என்றார் கடைக்கார நாஸர்.

மீன் நிற்கும் விதத்தைச் சொன்னேன். அவர் மீன் தொட்டிக்கான சிலிக்கோனைப் பையில் போட்டு நீட்டினார்.

“சுனாமிக்கு முதல்நாள் எங்கட மீனும் இப்படித்தான் நிண்டது. இண்டைக்குக் கரையில படுக்காதீங்க.”

“மீன் தொட்டிக்கும் கடலுக்கும் என்ன தம்பி சம்பந்தம்?”

“ஓம், நானும் அப்ப இப்படித்தான் கதைச்சன்.”

அன்றே நாஸர் கடையைப் பூட்டிவிட்டு, கடலை விட்டுத் தள்ளியிருக்கும் சவளக்கடை ஊருக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். நான் வீட்டிலேயே படுத்தேன். கதவை மட்டும் தாழிடவில்லை.

இன்று காலை கடல் வழக்கம்போல் இருந்தது. எங்கள் தொட்டியின் கிழக்குக் கண்ணாடிதான் கழன்று, வீடு முழுக்கத் தண்ணீர். சிலிக்கோன் பையிலேயே கிடந்தது. மீனைத் தூக்கிக் கிணற்றடிச் சீமெந்துத் தொட்டியில் விட்டேன்.

நாஸருக்குப் போன் எடுத்து, “கடல் வரல்ல, வீட்ட வாங்க” என்றேன்.

“இப்ப மீன் எந்தப் பக்கம் நிக்குது ராத்தா?”

நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. யாராவது வந்து பார்த்துச் சொல்கிறீர்களா?