பூவாத்தாளின் ஈர்க்குச்சி

பூவாத்தாள் எதையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் நம்புவாள். அடுப்பு அணைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் சாம்பலுக்குள் விரலை விட்டுப் பார்ப்பாள். பாலக்காட்டை ஒட்டிய கஞ்சிக்கோட்டு வார்ப்படக் கம்பெனி திறந்த நாளிலிருந்து கேன்டீனில் தட்டு கழுவுகிறவள். தினமும் முந்நூறு தட்டு, எண்ணெய்ப் பிசுக்கு, பச்சைத் தண்ணீர். சாம்பலைத் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியெல்லாம் வெடித்து, சாப்பிட உட்கார்ந்தால் குழம்பின் உப்பு சுரீரென்று ஏறும். விறகு சமையலுக்கு மட்டும்தான், தட்டு கழுவ வெந்நீர் கிடையாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

அதனால்தான் 1978 மாசியில், கல்பாத்தியிலிருந்து வந்த இளம் இன்ஜினீயர் விசுவநாதன் கேன்டீன் மொட்டை மாடியில் ஒரு பெட்டியை வைத்தபோது, பூவாத்தாள் அதற்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டாள். மரப்பெட்டி, மேலே கண்ணாடி, உள்ளே கறுப்புப் பெயின்ட் அடித்த தகரம், அதன்மேல் கம்பியால் கட்டிய ஏழு இரும்புக் குழாய்கள். வெயிலே தண்ணீரைக் காய்ச்சி மேலே இருக்கும் டிரம்முக்கு ஏற்றிவிடுமாம்.

முதல் நாள் டிரம்மின் தண்ணீரில் கையை விட்டாள்.

"ஏனுங்க சாமி, இது சுடுதண்ணிங்களா? எங்கூட்டு எருமை மூச்சு இதைவிடச் சுடுமுங்க."

குழாய் வேலை பார்க்கும் பிட்டர் நல்லதம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, தட்டுக்குக் காய்ச்சல் வந்தா ஒத்தடம் குடுக்கலாம். வெச்சுக்க!"

மேனேஜர் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பாராம். கை சுடவில்லையென்றால் பெட்டி இறங்கிவிடும், தகரம் ஸ்டோருக்குப் போய்விடும்.

பூவாத்தாள் வெள்ளிவரை காத்திருக்கவில்லை. செவ்வாய் மத்தியானம், காயப்போட்ட மிளகாயைக் கிளறும் சாக்கில் மாடிக்கு ஏறினாள். கண்ணாடியை நகர்த்தித் தகரத்தைத் தொட்டாள். அம்மாடி! விரல் பொரிந்தது. குழாயைத் தொட்டாள். பிடித்துக்கொண்டு கதை பேசலாம் போல் இருந்தது. விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக் குழாய்க்கும் தகரத்துக்கும் நடுவே விட்டாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடையில்லாமல் போய் வந்தது.

"அடப்பாவிங்களா, ரெண்டும் ஒட்டவே இல்ல! அப்பறம் சூடு எப்படிப் போகும், தாண்டிக் குதிச்சா?"

நாலு உளுந்து வடையோடு நல்லதம்பியிடம் போய் ஒரு டப்பா இரும்புத்தூள் கேட்டாள்.

"எதுக்கக்கா?"

"எலிக்கு."

"இரும்பு திங்கற எலியா?"

"வடை வேணுமா வேண்டாமா?"

வார்ப்பு மணலை ஒட்டவைக்க அங்கே மொலாசஸ், அதாவது கரும்பாலைக் கழிவுப்பாகு ஊற்றுவார்கள். அதிலும் ஒரு சட்டி எடுத்துக்கொண்டாள். தூளையும் பாகையும் களிமண்ணையும் பிசைந்து, ஏழு குழாய்க்கும் இரண்டு பக்கமும் இடைவெளியில்லாமல் விரலால் அப்பினாள்.

புதன்கிழமை டிரம்மில் கையை விட்டவள் "ஆத்தா!" என்று உதறினாள். விசுவநாதன் வேட்டி அவிழாத குறையாகக் குதித்தார். "பாத்தேளா? நேத்திக்கு வெயில் போறலை, அவ்வளவுதான்!" என்று நோட்டில் எழுதினார்.

"ஆமாங்க சாமி, வெயிலு இன்னிக்கு ரொம்ப மும்முரமுங்க" என்றாள் பூவாத்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மேனேஜர் மாடியேறிப் பெட்டியின் மேல் சாய்ந்தார். மறு நொடி, "எந்தா இது!" என்று பேன்ட்டை உதறிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடினார். கட்டெறும்பு! இரண்டு ராத்திரியாக மொய்த்து, பாகைத் தின்றுவிட்டு, வெயில் ஏறியதும் பெட்டியின் நிழலில் ஒதுங்கியிருந்தன. பசை உதிர்ந்து கிடந்தது. தண்ணீர் பழையபடி எருமை மூச்சு.

"இறக்குடா இதை!"

"சித்த பொறுங்க!" பூவாத்தாள் பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள். "தகரமும் குழாயும் ஒட்டலைன்னு பாகு அப்புனது நானுங்க. திட்டறதுன்னா என்னையத் திட்டுங்க. ஆனா ஒரே ஒருக்கா தொட்டுப் பாருங்க. கடைசிக் குழாய எறும்பு இன்னும் திங்கல."

அவள் கண்ணாடியை நகர்த்த, மேனேஜர் முதல் குழாயின் மேல் முனையைத் தொட்டார். சும்மா இருந்தது. கடைசிக் குழாயைத் தொட்டார். "ஸ்ஸ்ஸ்!" விரல் வாய்க்குள் போய்விட்டது.

விசுவநாதன் பூவாத்தாளையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்து, வெயிலைப் பற்றி எழுதிய பக்கத்தை மெதுவாகக் கிழித்தார். "பாகு வேண்டாம் சார். தகரத்தைக் குழாய்மேல வளைச்சு ஈயத்தால பத்தவெச்சா எறும்பு வராது. அவா சொல்றதுதான் சரி."

மேனேஜர் விரலை வாயிலிருந்து எடுக்காமலே தலையாட்டினார்.

சனிக்கிழமை முழுக்க நல்லதம்பி வெயிலில் குந்தி ஈயம் பற்றவைத்தான். வேலை முடிந்ததும் பூவாத்தாள் ஈர்க்குச்சியோடு வந்து ஒவ்வொரு குழாயாகக் குத்திப் பார்த்தாள். ஆறில் நுழையவில்லை. ஏழாவதில் ஓரிடத்தில் நுனி உள்ளே போனது.

"தம்பி, இங்க எலி போகும் போல இருக்குதே!"

"அக்கா, முதுகு வெந்துபோச்சு, விட்டுரு!"

"வடை கொண்டாந்திருக்கறேன். பத்தவெய்யி."

திங்கட்கிழமை எண்ணெய்த் தட்டு ஒன்றை வெந்நீரில் முக்கினாள். பிசுக்கு தானாக வழிந்து இறங்கியது. சாம்பல் சட்டியைக் காலால் மூலைக்குத் தள்ளினாள். சூடு தாங்காமல் கையை உதறி உதறி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு, இன்னும் நம்பாதவள் போல, மறுபடியும் கையை உள்ளே விட்டாள்.