அந்த வார்த்தைக்கு அட்டை இல்லை

வாலிபால் நடுவராக நான் ஏணியில் உட்கார்ந்த காலத்தில் என்னை நியாயஸ்தன் என்றார்கள். நானும் நம்பித் தொலைத்தேன். முழங்கால் போய் ஆட்டத்தை விட்டவன் நான். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஷிப்ட் வேலை, ஞாயிற்றுக்கிழமையானால் வாயில் விசில். எண்பதுகளின் கடைசியில் வத்திராயிருப்பு வட்டாரத்தில் எங்கே பந்தயம் நடந்தாலும் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். எங்கள் மில் அணி ஆடினாலும் நான்தான் நடுவர். ஒருவரும் மறுப்புச் சொன்னதில்லை.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டம் தொடங்குமுன் இரண்டு கேப்டன்களும் பந்தின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். சாதி பேச மாட்டோம், தாயைப் பேச மாட்டோம், மேலே கைவைக்க மாட்டோம். மீறினால் மஞ்சள் அட்டை, ஒரு பாயிண்ட் போகும். எல்லை தாண்டினால் சிவப்பு, ஆள் வெளியே. எப்போதோ ஒரு பந்தயத்தில் சாதிப் பேச்சுக் கிளம்பி நாலு மண்டை உடைந்தபின் வந்த ஏற்பாடு அது.

எங்கள் மில் அணியின் கேப்டன் செட்டர், அதாவது அடிக்கிறவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற ஆள். அவன் விரலில் பட்ட பந்து சத்தமே இல்லாமல் எழும்பும். நடையில் கொஞ்சம் நளினம், பேச்சு மெதுவாக. முப்பதை நெருங்கியும் கல்யாணப் பேச்சை எடுக்க விடமாட்டான். அது போதாதா ஊருக்கு? சர்வீஸ் போடப் பந்தை எடுத்தாலே "ஒம்போது, ஒம்போது" என்று எதிரணி ஆரம்பிக்கும். சுற்றி நிற்கிற கூட்டம் கை தட்டிச் சேர்ந்துகொள்ளும்.

ஒரு வருஷம் வத்திராயிருப்புப் பந்தயத்தின் இறுதி ஆட்டத்துக்குப் போகும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, சத்தியத்துல அந்த வார்த்தையையும் சேத்துக்கோங்க. ஒரே ஒரு தடவ கார்டு காட்டுங்க, அடங்கிருவாங்க."

"ஊர் வாய மூட உலைமூடி உண்டாப்பா? காதுல வாங்காம ஆடு."

 குரலை இறக்கிச் சொன்னான். "அவங்க சொல்லுதது பொய்யின்னா எனக்கு இம்புட்டு வலிக்காதுண்ணே. இதுக்கு மேல என்னால முடியல. இந்த ஆட்டத்த விட்டா எனக்கு வேற ஒண்ணுமில்ல."

இப்படி ஒருத்தன் தன் நெஞ்சைத் திறந்து காட்டுகிறான், நான் ஜன்னல் பக்கம் திரும்பி வயலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். என்ன மனுஷன் நான்!

மைதானத்தில் பந்தின்மேல் இரண்டு கைகள் இருந்தன. சாதி, தாய், கைகலப்பு மூன்றையும் சொன்னேன். அவன் என் முகத்தையே பார்த்தான். நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டேன். சாதியைச் சொன்னால் ஒரு கூட்டமே அரிவாளோடு வரும். இந்த வார்த்தைக்கு யார் வருவார்கள்? அவனுக்காக வருவதற்கு ஒரு நாதி கிடையாது, அதனால் எனக்குப் பயமும் கிடையாது. இத்தனை வருஷம் நான் நியாயம் என்று நினைத்ததெல்லாம் அந்தப் பயம்தான்.

முதல் செட் எங்களுக்கு. இரண்டாவது செட்டில் அந்த வார்த்தை ஓயவே இல்லை. அவன் போட்ட இரண்டு சர்வீஸ் வலையில் விழுந்தது. ஏணியில் இருந்த எனக்குக் கேட்கவில்லையா? நன்றாகவே கேட்டது. பை நிறைய அட்டையை வைத்துக்கொண்டு பாயிண்ட் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசி செட்டில் எதிரணி அட்டாக்கர் வலையோரம் வந்து, உதட்டைக் குவித்து முத்தம் கொடுப்பதுபோல் சத்தம் எழுப்பி, மறுபடி அதையே சொன்னான். இவன் வலையைப் பிடித்து உலுக்கினான். ஒரு நாளும் கெட்ட வார்த்தை பேசாதவன், அந்த ஆளின் தாயைச் சொல்லி வாய்க்கு வந்தபடி திட்டினான்.

கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்தது. கைவைத்துச் சத்தியம் செய்த கேப்டன். அதிலும் என் மில் ஆள். விட்டால் என் பேர் என்ன ஆவது? சிவப்பு அட்டையை எடுத்து உயர்த்தினேன். நியாயத்துக்குக் கட்டுப்பட்டவன் என்று நாலு பேர் கை தட்டினார்கள். அது எனக்கு இனிக்கவும் செய்தது, அதை மறைக்க மாட்டேன்.

 அவன் பனியனைக் கழற்றி மடித்துப் பெஞ்சில் வைத்துவிட்டு, கோட்டைத் தாண்டி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான். மறுமாதம் மில் வேலையையும் விட்டான். பந்தைத் தொடவே இல்லை என்று கேள்விப்பட்டேன்.

தூக்கம் கெட்டுத்தான் எனக்குப் புத்தி வந்தது. தொண்ணூறுகளில் அந்த வார்த்தையையும் சத்தியத்தில் சேர்த்தேன். முதலில் சிரித்தார்கள். நாலு ஆட்டத்தில் மஞ்சள் காட்டினேன், பாயிண்ட் போனது. சிரிப்பு நின்றது. அவ்வளவு சுலபமாக முடிகிற காரியம்.

பிறகொரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தில் அவனைப் பார்த்தேன். நரைத்திருந்தான். நல்ல செய்தி சொல்கிற அவசரத்தில் கையைப் பிடித்தேன்.

"தம்பி, இப்ப அந்த வார்த்தைக்குக் கார்டு குடுக்கேன்ப்பா."

கையை மெதுவாக விடுவித்துக்கொண்டான். "அன்னைக்கும் குடுத்தீகளேண்ணே" என்றான். "எனக்குத்தான குடுத்தீக."