அந்தோணி எழுதாத வரி

போன மாதம் ஹட்டனில் கண் பரிசோதனைக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் இருந்த பெண்ணின் மகன் ஏதோ கப்பலில் வேலை பார்க்கிறானாம். அவன் பேசி அனுப்பியதைக் கைபேசியில் சத்தமாக வைத்தாள். முன்பின் தெரியாத நாலைந்து பெண்கள் தலையைக் குனிந்து கேட்டார்கள். "அம்மா, சாப்புட்டேன். இங்க சரியான வெயிலு. நீங்க மாத்திரைய போடுங்க." அவ்வளவுதான். "நல்ல புள்ள" என்றாள் ஒருத்தி, தன் மகனே பேசியதுபோல. வெளியே மழை. யாருடைய ஸ்வெட்டரிலிருந்தோ நனைந்த கம்பளி வாடை வந்தது. தாதி வந்து, "சொட்டு மருந்து போட்டாச்சா ஐயா? கண்ணு கலங்கியிருக்கே" என்று கேட்டாள். "போட்டாச்சு" என்றேன். போடவில்லை. பொய் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் கைப்பழக்கம் உண்டு.

நனைந்த கம்பளி வாடை என்றால் எனக்கு ஒரு பள்ளிக்கூடம்தான் ஞாபகத்துக்கு வரும். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில், ஆற்றுக்கு மேலே சின்ன மேட்டில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. ஐம்பதுகளின் நடுவில் நான் அங்கே வாத்தியார். வயது இருபத்திரண்டு. ஹட்டனில் படித்துத் தேறியவன், ஆங்கிலம் தெரிந்தவன் என்ற மிதப்பு அதிகம். மழைக்காலத்தில் கொழுந்தெடுக்கும் பெண்கள் தலையில் கம்பளி போட்டுக்கொள்வார்கள். அது ஆனி மாதம் நனைந்தால் ஆவணி வரை காயாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்படி மூன்று கம்பளிகள் என் பள்ளிக்கூட வாசலில் தொங்கினால், உள்ளே கடிதம் வாசிக்கப்படுகிறது என்று தோட்டத்துக்கே தெரியும்.

அந்த மூன்று பேருக்கும் தோட்டத்தில் 'கப்பக்காரிங்க', அதாவது கப்பல்காரிகள், என்று பெயர். செல்லம்மா, மரியாயி, அங்கம்மா. மூவரின் மகன்களும் திருகோணமலையில் கடற்படையில் இருந்தார்கள். தளம் அப்போது வெள்ளைக்காரர் கையில் இருந்தது. சமையலுக்கும் மேசை வேலைக்கும் ஆள் எடுத்தார்கள். நாட்டிலேயே பிறந்து நாடில்லாதவர்களாகிவிட்ட எங்கள் பையன்களிடம் பிரஜாவுரிமைக் கடதாசி எதையும் அவர்கள் கேட்கவில்லை. செல்லம்மா மகன் முத்தையா கரையில், தளத்துக் குசினியில் சமையலாள். மரியாயி மகன் அந்தோணியும் அங்கம்மா மகன் சிவலிங்கமும் ஒரே கப்பலில். அங்கம்மா விதவை, சிவலிங்கம் அவளுக்கு ஒற்றைப் பிள்ளை.

மூவரில் ஒருத்திக்கும் எழுத்து தெரியாது; ஒருத்திகூடக் கடலைப் பார்த்ததில்லை. மலையில் காற்று அடித்தால் கடலிலும் அடிக்கும் என்று நினைத்தார்கள். இரவில் லயத்து வீடுகளின் தகரக் கூரை படபடத்தால் காலையில் மூவரும் பக்கத்துப் பக்கத்துத் தேயிலை நிரையில் போய் நிற்பார்கள். ஒருத்திக்குக் கை ஓடாவிட்டால் மற்ற இருவரும் அவள் கூடையில் ஆளுக்கு இரண்டு கைப்பிடி கொழுந்து போடுவார்கள். மரியாயி மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றினால் மூன்று ஏற்றுவாள். செல்லம்மா மாரியம்மனுக்கு நேர்ந்தாலும் அதில் அந்தோணிக்குப் பங்கு உண்டு.

அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. கடிதம் யாருக்கு வந்தாலும், மூவரும் உட்கார்ந்த பிறகுதான் உறையை உடைக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை தபாலில் வந்தாலும் ஞாயிறு வரை மடியில் வைத்திருப்பார்கள். நல்லதோ கெட்டதோ, ஒருத்தி தனியாகக் கேட்கக் கூடாது. செல்லம்மா தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் போட்டு ரொட்டி சுட்டு வருவாள். முதல் ரொட்டி எனக்கு. அந்த ரொட்டிக்காக நான் என்னவெல்லாம் செய்யத் தயாராக இருந்தேன் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. முழுச் சிரிப்பல்ல.

பையன்களின் கடிதங்கள் வறட்சியானவை. 'நான் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும். மிளகாய்த்தூள் அனுப்பவும்.' ஒருத்தியின் முகம் மலரும். மற்ற இரண்டு முகங்கள் வாசலைப் பார்க்கும். ஒரு நாள் அந்தோணியின் கடிதத்தை வாசிக்கும்போது பொறுக்காமல் நானாக ஒரு வரி சேர்த்தேன். "செல்லம்மா பெரியம்மாகிட்ட சொல்லவும், முத்தையாவைக் கோயிலில் பார்த்தேன், நல்லா இருக்கான்." செல்லம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த வாரம் இன்னொரு வரி. பிறகு அதுவே வழக்கமானது. எந்த உறையை உடைத்தாலும் மூன்று தாய்க்கும் அதில் ஏதாவது இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

"மத்தவுக படிச்சா கடுதாசி ஊமையா கெடக்கு. நம்ம வாத்தியாரய்யா படிச்சாத்தான் பேசுது" என்பாள் செல்லம்மா.

இரக்கத்தால் செய்தேன் என்று நீண்டநாள் சொல்லிக்கொண்டேன். இரக்கம் இருந்தது. ஆனால் அந்தப் பாராட்டும் எனக்கு வேண்டியிருந்தது.

அந்த வருடம் மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. மூடுபனி பகலிலும் விலகவில்லை. சிவலிங்கத்திடமிருந்து இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. அங்கம்மா சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள் என்றார்கள். ஒரு மாலை மூவரும் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள், கடிதம் இல்லாமலே.

"எம் புள்ளைக்கு என்னமோ ஆயிருச்சுங்கய்யா" என்றாள் அங்கம்மா. "வயிறு சொல்லுது. நான் திருகோணமல போறேன்."

ஹட்டனுக்கு அப்பால் போகாத பெண். ஹட்டனில் ரயில், கண்டியில் இறங்கி பஸ், பிறகு தளத்து வாசலில் காவல்காரனிடம் பேச வேண்டும். நான் தயங்கினேன். ஆனால் அவர்கள் என்னிடம் யோசனை கேட்க வரவில்லை. போகும் வழியைக் கடதாசியில் எழுதி வாங்க வந்திருந்தார்கள். ஏற்பாடுகள் முடிந்துவிட்டிருந்தன. மரியாயி கோயிலுக்கு மட்டும் கட்டும் நீலச் சேலையைக் கொடுத்திருந்தாள். செல்லம்மா ஹட்டன் வரை கூடப்போய் ரயிலேற்றிவிடுவாள். அங்கம்மாவின் நிரையை இருவரும் பார்த்துக்கொள்வார்கள். கணக்கப்பிள்ளையிடம் லீவும் கேட்டாகிவிட்டது.

"என்னா அங்கம்மா, கடல்ல கொழுந்தெடுக்கப் போறியான்னு கேக்குறான்" என்றாள் செல்லம்மா. "நானும் சொன்னேன், ஆமாய்யா, அங்க கொழுந்து நிறுக்கையில ஏமாத்த ஆளில்லையாமுன்னு."

திங்கட்கிழமை புறப்பாடு. சனிக்கிழமை தபாலில் மரியாயிக்கு அந்தோணியின் கடிதம் வந்தது. சட்டப்படி ஞாயிறு மதியம்தான் உடைத்தோம்.

அந்தக் கடிதத்தில் இருந்ததை உள்ளபடி எழுதுகிறேன். அந்தோணி சுகம். அவனை வேறு கப்பலுக்கு மாற்றிவிட்டார்கள். 'சிவலிங்கத்தைப் பார்த்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. அவனைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.' மரியாயி அனுப்பிய மிளகாய்த்தூள் கிடைத்தது. இவ்வளவே.

மாற்றல் விஷயம்வரை சரியாகவே வாசித்துவிட்டு நிமிர்ந்தேன். அங்கம்மா என் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் அந்த நீலச் சேலையை வைத்திருந்தாள். நான் யோசிக்கவில்லை. கைப்பழக்கம்தான். வாய் தானாக வாசித்தது: "கப்பல் மாறினாலும் சிவலிங்கத்தைத் தினமும் பார்க்கிறேன். முந்தாநாள்கூட என்னோடுதான் சாப்பிட்டான். நல்ல சுகம். வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை. அங்கம்மா சின்னம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லச் சொன்னான்."

அங்கம்மா ஒரு சத்தம் போட்டாள். அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாது. பிறகு சேலையை மரியாயி மடியில் எறிந்தாள். "இந்தாடி ஒஞ் சீல. நான் எங்கயும் போகல."

"நல்லவேள" என்றாள் செல்லம்மா. "இவ ரயில்ல ஏறி கண்டியில எறங்காம கொழும்புக்குப் போயிருப்பா."

மூவரும் சிரித்தார்கள். அந்தக் கடிதத்தைத் தனக்குத் தரும்படி அங்கம்மா கேட்டாள், மரியாயி கொடுத்தாள், அங்கம்மா அதை இடுப்பில் செருகிக்கொண்டாள். வாசலில் கம்பளிகளை எடுத்துப் போட்டுக்கொண்டு பனிக்குள் இறங்கினார்கள். கூப்பிடு தூரம்தான். கூப்பிடவில்லை. கையில் ரொட்டி இருந்தது.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை தோட்டத்து ஆபீசுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. சிவலிங்கம் நெஞ்சில் சளி கட்டி ஐந்து வாரமாகத் தளத்து ஆஸ்பத்திரியில் கிடந்து, முந்தின வியாழக்கிழமை இறந்துபோனான். அங்கேயே அடக்கமும் செய்துவிட்டார்கள். தாய்க்குச் சொல்ல என்னை அனுப்பினார்கள். மலையேறும்போது கணக்குப் பார்த்துக்கொண்டே போனேன். திங்கள் புறப்பட்டிருந்தால் செவ்வாய் சாயங்காலம் போயிருப்பாள். புதன் முழுவதும் இருந்திருக்கும்.

"என்னா வாத்தியாரய்யா, மலைக்கே வந்துட்டீங்க?" என்று நிரையிலிருந்து கேட்டாள் செல்லம்மா. என் முகத்தைப் பார்த்ததும் கூடையை இறக்கினாள்.

சொன்னேன். அங்கம்மா நிதானமாகத் தலையை ஆட்டினாள், ஒரு பிள்ளையின் தப்பைத் திருத்துவதுபோல.

"இல்லீங்களே. அவன் அந்தோணி கூட சாப்புட்டான்ல. நீங்கதானே படிச்சீங்க."

மழை இலைகளின் மேல் விழுந்துகொண்டிருந்தது. செல்லம்மா மெதுவாகத் திரும்பி மரியாயியைப் பார்த்தாள். அன்றைக்கு முடிந்துபோனது எல்லாம்.

அன்று அடுப்பில் அங்கம்மா அந்தக் கடிதத்தைப் போட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இதை எழுதக் கை கூசுகிறது; ஆனாலும் அதுதான் உண்மை.

முத்தையா லீவில் வந்தபோது செல்லம்மா அவனை லயத்து வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "அவ புள்ள சாகக் கெடக்குறான், ஒனக்கு எழுதக் கை இல்லியாடா?" சிவலிங்கம்தான் சத்தியம் வாங்கினானாம், வீட்டுக்கு எழுதாதே, தேறி எழுந்து நானே எழுதுகிறேன் என்று. கடைசிப் புதன்கிழமை மட்டும், "அம்மாவுக்கு வழி தெரியுமா?" என்று கேட்டானாம். முத்தையாவை மன்னித்துவிட்டார்கள். அவன் பேசாமல் இருந்தவன். அந்தோணி பொய் எழுதியவன்.

மார்கழியில் அந்தோணி வந்தான். ஒல்லியான பையன், வெள்ளைச் சட்டை. மூன்று தாய்மாரும் கடைசியாக ஒன்றாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது அன்றுதான். ரொட்டி இல்லை. அங்கம்மா உட்காரவில்லை.

"சின்னம்மா, சத்தியமா நான் அப்புடி எழுதல" என்றான். "அவன பாத்தே மாசமாச்சுன்னுதான் எழுதுனேன். சார், நீங்கதானே படிச்சீங்க? சொல்லுங்க சார்."

நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். மரியாயியின் முகம் எனக்கு இன்னும் தெரிகிறது. நான் 'இல்லை, அவன் அப்படி எழுதவில்லை' என்று சொல்லிவிடுவேன் என்ற நம்பிக்கை அதில் இருந்தது.

"நீ எழுதியிருந்ததைத்தான் வாசித்தேன்" என்றேன்.

மரியாயி மகனைக் கன்னத்தில் அறைந்தாள். அவன் கன்னத்தைத் தொடக்கூட இல்லை, என்னையே பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. ஏன் அதை அங்கேயே சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாது. சொன்னாலும் யார் நம்புவார்கள் என்று நினைத்திருக்கலாம். மறுநாள் முதல் பஸ்ஸில் போய்விட்டான்.

அதன் பிறகும் அவன் தாய்க்கு எழுதினான். ஒரு ஞாயிறு மரியாயி தனியாக வந்து, உறையை மடியில் வைத்துக்கொண்டு என் பெஞ்சில் உட்கார்ந்தாள். வாசிக்கட்டுமா என்று கை நீட்டினேன்.

"மூணு பேரும் ஒக்காந்தப்புறந்தானே சார் ஒடைக்கணும்" என்றாள்.

அவர்கள் வரவில்லை. இருட்டும்வரை இருந்துவிட்டு உறையோடு திரும்பினாள். அப்படி எத்தனையோ ஞாயிறுகள். கொழுந்து மலையிலும் அவள் நிரை தனியாகப் போனது; அவள் கூடையில் யாரும் கைப்பிடி போடவில்லை. ஒரு வாக்கியம் சொன்னால் தீர்ந்துவிடும். அதைச் சொல்லும் நாளை ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரத்துக்குத் தள்ளினேன். கடைசியில் உடப்புசல்லாவைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். வேலையில் உயர்வு என்று வீட்டில் சொன்னேன்.

அறுபதுகளின் நடுவில் ஒருமுறை அந்தப் பக்கம் போனேன். செல்லம்மாவுக்குத் தலை நரைத்திருந்தது. இந்தியாவுக்குப் போகப் பதிந்திருப்பதாகச் சொன்னாள். மரியாயி முந்தின வருடம் காய்ச்சலில் இறந்துவிட்டாள்.

"கடுதாசியெல்லாம் பொட்டியில இருந்துச்சுங்க, ஒண்ணும் ஒடைக்காம. அங்கம்மாதான் எடுத்து குழியில அவ கூடவே வச்சா. அந்தோணி வரல. சேதி போச்சோ இல்லியோ." பிறகு கேட்டாள்: "நீங்க படிச்சவுக. அவன் ஏன் சார் அப்புடி எழுதுனான்?"

"தெரியலையே" என்றேன்.

இப்போது அங்கே ஒன்றும் இல்லை. நீர்த்தேக்கம் கட்டியபோது பள்ளிக்கூடத்து மேடு தண்ணீருக்கடியில் போய்விட்டது. திருகோணமலையில் அந்த வெள்ளைக்காரர்களும் எப்போதோ போய்விட்டார்கள். செல்லம்மாவும் அங்கம்மாவும் தலைமன்னாரில் கப்பலேறினார்கள். கடலை அவர்கள் பார்த்தது அன்றைக்குத்தான். மூடிய உறையை மடியில் வைத்துக்கொண்டு இன்னொருத்தி வரட்டும் என்று காத்திருக்கும் பெண்கள் இப்போது எந்தத் தோட்டத்திலும் இல்லை.

அந்தோணி அப்படி எழுதவில்லை. அதை எழுதியவன் நான். இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் ஆகிவிட்டது. மூவரில் எவரும் உயிரோடு இருக்க வழியில்லை. இருந்திருந்தாலும், இதை அவர்களுக்கு யாராவது வாசித்துத்தான் காட்டியிருக்க வேண்டும்.