நேரம் தவறாத கிளை ரயில்

ஹெலிக் ரயில் சந்திப்பை மூடியது லண்டனில் உட்கார்ந்திருப்பவர்கள். இது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் எங்கள் பள்ளத்தாக்கில் யாரிடம் கேட்டாலும் முதலில் அங்கே சிக்னல் கேபின்காரராக இருந்த மெய்ரிக் பெப்பின் பெயரைத்தான் சொல்கிறார்கள். பள்ளியை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் இந்த மாதங்களில் அதைப் பலமுறை கேட்டுவிட்டேன். நடந்ததை யாராவது ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

ஹெலிக் ஓர் ஊர் அல்ல. ஆடு மேயும் சரிவுகளுக்கு நடுவே நடைமேடைகள், ஒரு நடைபாலம், ஒரு சிக்னல் கேபின், மெய்ரிக்கும் அவர் மனைவி லவ்ரியும் குடியிருந்த ரயில்வே வீடு. அவ்வளவுதான். ஷ்ரூஸ்பரியிலிருந்து கடற்கரைக்குப் போகும் பெரிய ரயில் அங்கே நிற்கும். எங்கள் ட்ரெவெர்னுக்கு வரும் கிளை ரயில் அங்கிருந்து புறப்படும். ஹெலிக்கைப் பார்க்க யாரும் ஹெலிக்கில் இறங்கியதில்லை. ரயில் மாறத்தான் இறங்கினார்கள்.

கிளைப் பாதை ஒற்றைப் பாதை. எதிரே வேறு வண்டி இல்லை என்பதற்கு அடையாளமாக, கேபின்காரர் வளையத்தில் மாட்டிய டோக்கனை ஓட்டுநரிடம் கொடுத்தால்தான் வண்டி நகரலாம். ஸ்டேஷன் மாஸ்டர் வேலையை ரயில்வே எடுத்துவிட்ட பிறகு எல்லாமே மெய்ரிக்தான். அவருக்கு முன்னால் இருந்தவர்களிடமிருந்து வந்த வழக்கம் ஒன்று இருந்தது. பெரிய ரயில் எவ்வளவு தாமதமானாலும், அதில் வந்த கடைசி ஆள் பாலம் இறங்கும்வரை டோக்கன் கேபினை விட்டு வராது.

கிளை ரயில் ஓட்டுநர் இத்தெல் கீழே நின்று கத்துவார்.

"ஏம்பா கேபின்! அது என்ன உன் பொண்டாட்டி நகையா, இப்படிப் பூட்டி வெச்சிருக்க? வீட்டுல என் சூப்பு ஆறுது!"

"ஆறட்டும்யா. பாலத்துல ஒரு அம்மா கோழிக்கூடையோட வர்றாங்க. விட்டுட்டுப் போனா நாளைக்கு உனக்கு முட்டை யார் தருவா?"

கிளைப் பாதையை மூடப்போவதாக அறிவிப்பு ஒட்டியபோது ரயில்வே அதிகாரி ஒருவர் கேபினுக்கு ஏறி வந்தார்.

"உங்க கிளை ரயில் ரெண்டு நாளைக்கு ஒரு நாள் லேட்டு, மிஸ்டர் பெப். மூடணும்னு நினைக்கிறவங்களுக்கு இதைவிட நல்ல காரணம் எதுக்கு? மூடலாமா வேண்டாமான்னு ஊர்க்காரங்களைக் கேக்க ஒரு விசாரணை வரும், அது வரைக்கும் நேரத்துக்கு ஓட்டிக் காட்டுங்க. அப்புறம் பேச ஒரு வழி இருக்கும்."

அவர் நல்ல மனதோடு சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. மெய்ரிக் நம்பினார். பாதை போனால் கேபின் போகும், கேபின் போனால் வீடும் போகும்.

"பெரிய ரயில் லேட்டா வந்தா, அதுல வர்றவங்க என்ன செய்வாங்க?" என்று லவ்ரி கேட்டாள்.

"கொஞ்ச நாள் பொறுத்துக்கட்டும். ரயிலே இல்லாமப் போறதுக்கு இது தேவலாமில்ல?"

ஆனால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. தானே புரிந்துகொள்வார்கள் என்று நினைத்துவிட்டார்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. நல்ல மழை. பெரிய ரயில் தாமதம். ஆனால் பக்கத்து ஸ்டேஷனைத் தாண்டிவிட்டது என்று கேபினில் மணி அடித்துவிட்டது. அன்றைய கடைசிக் கிளை ரயிலின் நேரமும் வந்துவிட்டது. மெய்ரிக் படியிறங்கி டோக்கனை நீட்டினார். இத்தெல் கையை நீட்டவில்லை.

"இந்தா வந்துருச்சேப்பா. சத்தம் கேக்குது பாரு."

"நேரம் ஆயிடுச்சு. கிளம்பு."

"மெய்ரிக், உனக்கு என்ன ஆச்சு?"

"கிளம்புன்னு சொல்றேன்ல!"

பெரிய ரயிலில் வந்தவர்கள் பாலத்தின் உச்சியை அடைந்தபோது கிளை ரயில் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. அவர்களில் எங்கள் ஊர்க் கறிக்கடை இவோரும் அவர் மனைவி ஹேல்வென்னும் இருந்தார்கள். வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து அன்றுதான் மருத்துவமனையிலிருந்து இவோர் வீடு திரும்புகிறார். காத்திருப்போர் அறையில் கணப்பு இல்லை. நிலக்கரியை ரயில்வே நிறுத்தியிருந்தது. லவ்ரி டீ கொண்டுவந்து கொடுத்தாள். ஹேல்வென் கோப்பையைத் தொடவில்லை.

"ரயிலோட பின்விளக்கு நல்லா செவப்பாத் தெரிஞ்சுது மெய்ரிக்," என்றாள். "பாக்க அழகா இருந்துச்சு."

"ரயிலைக் காப்பாத்தத்தான் ஹேல்வென்..."

"யாருக்கு?"

கல்குவாரி லாரி ஒன்றின் பின்னால், நனைந்த சாக்குகள் மேல் படுத்து இவோர் வீடு போய்ச் சேர்ந்தார். தையல் பிரிந்து மறுபடியும் போடவேண்டி வந்தது.

அதன் பிறகும் மெய்ரிக் விடவில்லை. குளிர்காலம் முழுவதும் கிளை ரயில் கடிகாரம் மாதிரி ஓடியது. பாலத்தில் ஓடிவந்தவர்கள் ஓடி அலுத்துப்போனார்கள். பிறகு பாலத்துக்கே வரவில்லை. எங்கும் மாறாமல் ஷ்ரூஸ்பரிக்குப் போகும் பஸ் சுற்றித்தான் போகும், குலுக்கித் தள்ளும். இருந்தாலும் அதில் ஏறினார்கள்.

விசாரணை எங்கள் ஊர்ச் சிறு தேவாலயமான சேப்பலின் பின்கூடத்தில் நடந்தது. ஹேல்வென் மூடக்கூடாது என்று சொல்லத்தான் வந்திருந்தாள். வயதானவர்கள், பள்ளிப் பிள்ளைகள், சந்தை நாள் எல்லாவற்றையும் நன்றாகவே எடுத்துச் சொன்னாள். விசாரணைத் தலைவர் அவளிடம் கேட்டார்.

"நீங்க இந்த ரயில்ல போறீங்களாம்மா?"

சேப்பலுக்குள் அவளால் பொய் சொல்ல முடியவில்லை.

"நவம்பர்லேர்ந்து இல்லைங்க."

"ஏன்?"

"அது யாருக்காகவும் நிக்கிறதில்லைங்க. பஸ்ஸு, கை காட்டினா நிக்குது."

கூடத்தில் சிரித்தார்கள். மெய்ரிக் எழுந்தார். தொப்பியைக் கையில் பிடித்திருந்தார்.

"இந்தக் குளிர்காலத்துல எங்க ரயில் ஒரு நாள்கூட லேட்டா போகல."

கேபினுக்கு ஏறி வந்த அதே அதிகாரி பதில் சொன்னார். "அதை ரயில்வே மனசார ஒத்துக்குது, மிஸ்டர் பெப். சரியான நேரத்துக்குத்தான் ஓடுது. காலியா ஓடுது."

வெளியே, படிக்கட்டில் ஹேல்வென்னை மெய்ரிக் நிறுத்தினார்.

"இத்தனை வருஷம் உங்களுக்காக நின்னதையும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"அதை அவங்க கேக்கலையே," என்றாள் அவள். குரலில் கோபம்கூட இல்லை.

அடுத்த கோடையில் பாதையை மூடினார்கள். வீட்டைக் காலி செய்யும் நாளில் இவோர் ஓர் ஆட்டுத்தொடையைத் தாளில் சுற்றி அனுப்பியிருந்தார். திருப்பி அனுப்பலாமா என்று லவ்ரி கேட்டபோது மெய்ரிக் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். "கறி மேல என்ன கோவம்?" என்று அவளே எடுத்து வைத்துக்கொண்டாள்.

இப்போது அவர்கள் க்ரூ என்ற ரயில்வே நகரத்தில் இருக்கிறார்கள். மெய்ரிக் அங்கே ரயில் பெட்டிகளைக் கழுவுகிறார். அந்தத் தொடையை முதல் ஞாயிற்றுக்கிழமை சமைத்ததாகவும், மெய்ரிக் தொடாததால் தான் மட்டும் தனியாகச் சாப்பிட்டதாகவும் லவ்ரி என் அம்மாவிடம் சொன்னாள்.